சட்டாம்பிள்ளையும் தொழிற்கூடமும்

‘சட்டாம்பிள்ளை’ என்னும் சொல்லை இன்றைய இளைஞருள் பலர் கேட்டிருக்கமாட்டார்கள். நம் முன்னோர் பயின்ற திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியருக்கு அடுத்த நிலையில் இருந்தவன் அவன். மாணவருள் சற்று மூத்தவன், பாடத்தில் முந்தியவன். ஆசிரியர் ஒருபுறம் பெரிய பிள்ளைகளுக்குப் பாடம் கேட்டுக்கொண்டிருக்க, மறுபுறம் சிறுவர்களின் விரலைப் பிடித்து மணலில் எழுத்தெழுதப் பழக்குவான். வாய்பாட்டை முறையாகச் சொல்லுவிப்பான். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர்களில் நான் ஆசிரியப் பணி ஏற்ற காலத்தில், அத்தகைய பள்ளிகளில் படித்த முதியோர் சிலர் வாழ்ந்திருந்தனர். ஆசிரியரின் பிரம்பை விடச் சட்டாம்பிள்ளையின் கண்ணுக்கே தாங்கள் அதிகம் அஞ்சியதாக அவர்கள் நகைத்துக் கூறக் கேட்டிருக்கிறேன்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் பள்ளிக்கூடம் பற்றியதன்று. தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் பணிபுரிவோர், தாங்கள் செய்யும் வேலையின் முறையைத் தாங்களே ஆராய்ந்து திருத்துவதற்கும், அத்திருத்தப் பணிக்குத் தலைமை தாங்குவதற்கும் எவ்வாறு பயிற்றுவிக்கப்பட்டனர் என்னும் வரலாறே அது. ஆயினும் அவ்வரலாற்றை நான் படிக்கப் படிக்க, அதன் பல திருப்பங்களில் ஓர் ஆசிரியர் நிற்பதைக் கண்டேன். ஆகவே, பள்ளிக்கூடத்து வாயில் வழியாகவே தொழிற்கூடத்துக்குள் நுழைவோம்.

1789-ஆம் ஆண்டில், சென்னை எழும்பூரில் படைவீரர்தம் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கென ஏற்பட்ட விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியார் ஏற்றார். நம் நாட்டுச் சிறுவர்கள் மணலில் எழுதிக் கற்பதை அவர் ஒருநாள் கண்டார். தம் பள்ளியிலும் அம்முறையைக் கையாளும்படி ஆசிரியர்களிடம் கூறினார். அவர்களுக்கு அதில் மனம் செல்லவில்லை. பெல் சோர்ந்துவிடவில்லை, முன்னரே எழுத்தறிந்த சிறுவன் ஒருவனை அழைத்து, கீழ் வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். ஆசிரியர்கள் முடியாதென்றதைச் சிறுவன் செய்து காட்டினான். 1797-ஆம் ஆண்டில் பெல் இதனைக் குறித்து இலண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்னும் பெயரால் அம்முறை இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் பரவியது.

ஒருவர்க்குக் கற்பித்து, அவரைக் கொண்டு பத்துப் பேருக்குக் கற்பிக்கச் செய்வது சிக்கனமான வழி என்பதில் ஐயமில்லை. ஆனால், சென்னை முறைக்கு ஒரு குறையும் இருந்தது. சட்டாம்பிள்ளை தான் கேட்டதைத் திருப்பிச் சொன்னானேயன்றி, அது சரிதானா, இன்னும் எளிதாகச் சொல்ல இயலுமா என்று எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணிப் பார்க்கும்படி எவரும் அவனைக் கேட்கவுமில்லை. நாளடைவில் அம்முறை வெறும் ஒப்பித்தலாகச் சுருங்கி மறைந்தது. சொன்னதைச் செய்பவன் வேறு. செய்வதைத் திருத்துபவன் வேறு. இவ்வேறுபாட்டை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

அடுத்து ஜெர்மனிக்குச் செல்வோம். ஹெர்பார்ட் என்னும் தத்துவப் பேராசிரியர் 1776 முதல் 1841 வரை வாழ்ந்தவர். புதிய அறிவு பழைய அறிவோடு இணைந்தாலன்றி நிலைக்காது என்பது அவர் கொள்கை. அவர் வழிவந்தோர் இதனை ஐந்து படிகளாக வகுத்தனர். மாணவன் உள்ளத்தை ஆயத்தம் செய்தல், பாடத்தை எடுத்துரைத்தல், முன்னறிந்ததோடு ஒப்பிடுதல், பொதுவிதி காணல், பயன்படுத்திப் பார்த்தல் என்பன அவை. ஆசிரியப் பயிற்சி பெற்ற எவரும் இவற்றை மறந்திருக்க இயலாது. நான் பயிற்சி பெற்ற காலத்தில், ஒவ்வொரு பாடத்துக்கும் இப்படிகளின்படி குறிப்பெழுதி, கையொப்பம் பெற்ற பின்னரே வகுப்பறையில் நுழைய விடுவார்கள். இது வகுப்பறைக்கு மட்டும் உரிய சடங்கென்றே அப்போது எண்ணியிருந்தேன். இதே படிகள் கப்பல் கட்டும் துறைகளில் உலவியதை நெடுநாள் கழித்தே அறிந்தேன்.

முதல் உலகப் போரின்போது அமெரிக்காவுக்குக் கப்பல்கள் விரைந்து வேண்டியிருந்தன. கட்டத் தெரிந்தவர்களோ மிகச் சிலரே இருந்தனர். சார்லஸ் ஆலன் என்னும் தொழிற்கல்வி ஆசிரியர், கைதேர்ந்த தொழிலாளர்களைப் பயிற்றுநர்களாக ஆக்கும் பணியில் ஈடுபட்டார். ஹெர்பார்ட் வழியினரின் ஐந்து படிகள் அவர் கையில் நான்காயின: ஆயத்தம், எடுத்துரைத்தல், செய்யவைத்தல், சோதித்தல். 1919-ஆம் ஆண்டில் அவர் எழுதிய நூல் இதனை விரித்துரைக்கிறது. வேலையை நன்றாகச் செய்யத் தெரிந்தவர் எல்லாரும் அதனை நன்றாகக் கற்பிக்க வல்லவர் ஆகிவிடார், கற்பித்தல் தனிக்கலை, அதனையும் கற்றாக வேண்டும் என்பதே அவர் உணர்த்திய உண்மை.

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1940-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு ‘தொழிலகத்துள் பயிற்சி’ என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமாக ஐந்து நாளில், மொத்தம் பத்து மணி நேரத்தில், மேற்பார்வையாளர் ஒருவர் ஒரு பயிற்சியை முடிப்பார். போர் முடிந்த 1945-ஆம் ஆண்டுக்குள் 16,000-க்கு மேற்பட்ட தொழிலகங்களில் 16 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சான்றிதழ் பெற்றனர். அத்தனை பேருக்கும் பயிற்சி தர எத்தனை ஆசிரியர்கள் வேண்டும்! அவ்வளவு பேர் அரசிடம் இல்லை. முதலில் சிலரைப் பயிற்றினர். அவர்கள் பயிற்றுநர்களைப் பயிற்றினர். பயிற்றுநர்கள் மேற்பார்வையாளர்களைப் பயிற்றினர். நம் சட்டாம்பிள்ளை முறை கடல் கடந்து, ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்து, தொழிற்கூடத்தில் மறுபிறவி எடுத்ததுபோல் இதனைக் காண்கிறேன்.

ஆனால், இம்முறை பழைய குறை தொடரவில்லை. அத்திட்டத்தில் மூன்று பயிற்சிகள் முதன்மையானவை. ஒன்று, வேலையைக் கற்பித்தல். மற்றொன்று, தொழிலாளரோடு இணங்கிப் பணியாற்றுதல். இன்னொன்று, வேலைமுறையைத் திருத்துதல். நம் பொருளுக்கு நேராக உரியது இம்மூன்றாவது பயிற்சியே. மேற்பார்வையாளர் தம் வேலையைச் சிறு சிறு செயல்களாகப் பிரித்தெழுத வேண்டும். ஒவ்வொரு செயலையும், இது ஏன் வேண்டும், எங்கே செய்யவேண்டும், எப்பொழுது, எவரால், எவ்வாறு என்று வினவ வேண்டும். தேவையற்றதை நீக்கலாம், இரண்டை இணைக்கலாம், வரிசையை மாற்றலாம், எஞ்சியதை எளிதாக்கலாம். பிறகு, புதிய முறையை மேலாளருக்கும் உடன் உழைப்போருக்கும் விளக்கி, அவர்கள் இசைவு பெற்று, நடைமுறைப்படுத்த வேண்டும். கற்பனைக் கணக்கு ஒன்றைத் தீர்த்துக் காட்டினால் போதாது. தாம் அன்றாடம் செய்யும் வேலை ஒன்றையே திருத்திக் கொண்டுவந்து வகுப்பில் காட்ட வேண்டும் என்பது அப்பயிற்சியின் விதி. கற்கவில்லை என்றால் குறை கற்பவனிடம் இல்லை, கற்பித்தவனிடமே என்ற எண்ணமும் அங்கே வேரூன்றியிருந்தது. ஆசிரியத் தொழிலில் நாற்பதாண்டுக்கு அண்மையாகக் கழித்த எனக்கு, அவ்வெண்ணம் உடன்பாடானதே, உறுத்துவதும் அதுவே.

போருக்குப் பின் அத்திட்டம் அமெரிக்காவில் மங்கியது. போரில் தோற்ற ஜப்பானிலோ அது தழைத்தது. அதனோடு புள்ளியியல் அறிவும் அங்குச் சேர்ந்தது. பொருளின் தரம் நாளுக்கு நாள் மாறுவதில் இயல்பான மாற்றம் எது, காரணம் தேடித் திருத்தவேண்டிய மாற்றம் எது என்று பிரித்தறியும் வரைபடத்தை வால்ட்டர் ஷூவார்ட் என்னும் அமெரிக்க அறிஞர் 1924-ஆம் ஆண்டில் வகுத்திருந்தார். அவர் வழியைப் பின்பற்றிய எட்வர்ட்ஸ் டெமிங் 1950-ஆம் ஆண்டில் ஜப்பானுக்குச் சென்று பொறியாளர்களுக்கும் நிறுவனத் தலைவர்களுக்கும் பாடம் நடத்தினார். அவர் பெயரால் 1951-ஆம் ஆண்டு முதல் அங்கே பரிசு ஒன்று வழங்கப்படலாயிற்று.

பாடம் பொறியாளரோடு நின்றுவிடாமல் தொழிற்கூடத்தின் தளம்வரை இறங்கியதே ஜப்பானின் சிறப்பு. அதில் வானொலிக்கும் ஒரு பங்குண்டு என்பதை இங்கே பெருமையுடன் கூறலாம். 1956-ஆம் ஆண்டில் ஜப்பானியச் சிற்றலை வானொலி, மேற்பார்வையாளர்களுக்கான அஞ்சல்வழிக் கல்வியில் தரக் கட்டுப்பாட்டையும் ஒரு பாடமாகச் சேர்த்து ஒலிபரப்பியது. பின்னர் 1962-ஆம் ஆண்டில், பேராசிரியர் கவோரு இஷிகாவா போன்றோர் முன்னின்று மேற்பார்வையாளர்களுக்கென ஓர் இதழ் தொடங்கினர். ஒரே இடத்தில் வேலை செய்வோர் சிலர் கூடி அவ்விதழைப் படித்துத் தம் வேலையில் பொருத்திப் பார்க்கும் சிறு குழுக்கள் அமைந்தன. அவையே ‘தரவட்டங்கள்’ எனப்பட்டன. வாசகசாலைக் கூட்டமே தொழிற்கூடச் சீர்திருத்தக் குழுவாக மலர்ந்தது எனின் மிகையாகாது.

இனி நம் நாட்டுக்குத் திரும்புவோம். ஜப்பானுக்குப் போன அறிவு நமக்கு வந்து சேரவில்லை என்று எண்ணுவது தவறு. டெமிங் ஜப்பானில் பாடம் நடத்துவதற்கு முன்பே, 1947-48-ஆம் ஆண்டில், பேராசிரியர் மகலனோபிசின் அழைப்பை ஏற்று ஷூவார்ட்டே இந்தியாவுக்கு வந்து சில மாதங்கள் தங்கினார். கல்கத்தாவில் 1931-ஆம் ஆண்டில் தோன்றிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம் அதன்பின் பல நகரங்களில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுகளை அமைத்தது. உலகத் தொழிலாளர் நிறுவனத்தின் உற்பத்தித் திறன் குழு 1952-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்தது. 1958-ஆம் ஆண்டில் தேசிய உற்பத்தித் திறன் குழு நிறுவப்பட்டது. விதை நம் மண்ணிலும் விழுந்தது, விளைச்சலே பிந்தியது. காரணம் யாது?

அதற்கு விடை கூறவல்ல நிகழ்ச்சி ஒன்று அகமதாபாத்தில் நிகழ்ந்தது. அங்குள்ள காலிகோ ஆலைகளில் தானியங்கித் தறிகள் புகுத்தப்பட்டன. புதிய தறிகள் வந்தும், நெசவின் அளவோ தரமோ எதிர்பார்த்தபடி உயரவில்லை. ஒரு கூடத்தில் 200-க்கு மேற்பட்ட தறிகள் இருந்தன. அவற்றைக் கவனிக்கும் தொழிலாளர் ஏறத்தாழ முப்பதின்மரிடையே பன்னிரண்டு வகை வேலைகள் பங்கிடப்பட்டிருந்தன. ஒருவர் வேலை மற்றவர் வேலையோடு பின்னிக் கிடந்தது. ஆனால் ஒருவருக்கொருவர் பொறுப்பில்லை. 1953-ஆம் ஆண்டில், இலண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ் என்பவர், ஒரு தறித் தொகுதிக்கு ஒரு சிறு குழு முழுப்பொறுப்பு ஏற்கலாமே என்னும் எண்ணத்தை எடுத்துரைத்தார். திட்டத்தை அவர் வரைந்து கொடுக்கவில்லை. தொழிலாளரும் மேற்பார்வையாளரும் அவ்வெண்ணத்தைப் பற்றிக்கொண்டு, தாங்களே குழுக்களை வகுத்தனர். நெசவு உயர்ந்தது, பழுது குறைந்தது.

கதை இவ்வளவில் முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். 1970-ஆம் ஆண்டில் அதே நிறுவனத்தைச் சேர்ந்த மில்லர் என்னும் ஆய்வாளர் அங்கே மீண்டும் சென்று பார்த்தார். ஒரு கூடத்தில் அக்குழுமுறை பதினாறு ஆண்டு கடந்தும் ஏறத்தாழ மாறாமல் நின்றது. வேறொன்றிலோ படிப்படியாக மறைந்து போயிருந்தது. ஒரே ஊர், ஒரே நிறுவனம், ஒரே எண்ணம். எனினும் ஓரிடத்தில் அது நிலைத்தது, ஓரிடத்தில் நிலைக்கவில்லை. சீர்திருத்தத்தைத் தொடங்குவது ஒரு கலை. அதனைக் காப்பது மற்றொரு கலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

இதனைப் படித்தபோது எனக்கு வியப்புத் தோன்றவில்லை, வெட்கமே தோன்றியது. அதன் காரணத்தை நேயர்களிடம் மறைக்க விரும்பவில்லை. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே, பெருஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளியுள்ள ஓர் ஊரில் நான் தலைமையாசிரியனாக இருந்தேன். ஏறக்குறைய முந்நூறு பிள்ளைகள் மதிய உணவு உண்பார்கள். கடைசிப் பிள்ளை உண்டு முடிப்பதற்குள் பிற்பகல் மணி அடித்துவிடும். சிலர் பாதிச் சோற்றைக் கொட்டிவிட்டு வகுப்புக்கு ஓடுவார்கள். வரிசையை ஒழுங்குபடுத்தும்படி நான் ஆசிரியர்களுக்கு ஆணையிட்டேன். நானும் நின்று அதட்டினேன். பயன் இல்லை.

ஒருநாள் சமையல் உதவியாளராக இருந்த அம்மையார் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “சார், புள்ளைங்க மேல தப்பில்ல. சோறு வாங்க வர்ற புள்ளையும் தட்டு கழுவப் போற புள்ளையும் ஒரே வாசல்ல மோதிக்குதுங்க. பின்பக்கத்துக் கதவத் திறந்து விட்டா போதும்.” மூன்றாண்டுகளாக அந்த வாசலைக் கண்ணால் கண்டுகொண்டிருந்தும் நான் அதனைக் காணவில்லை. அவரையும் கணித ஆசிரியர் ஒருவரையும் அப்பணிக்குப் பொறுப்பாக்கினேன். ஆசிரியர் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நான்கு நாள் நேரம் குறித்தார். சோற்றுக்கு ஒரு மேசை, சாம்பாருக்கு ஒரு மேசை என அம்மையார் பிரித்து வைத்தார். பின்கதவு வெளியேறும் வழியாயிற்று. ஐம்பது நிமிடத்தில் முடிந்தது முப்பது நிமிடத்தில் முடிந்தது. எவரும் சோற்றைக் கொட்டவில்லை.

நான் மாற்றலாகிச் சென்றேன். இரண்டாண்டு கழித்து ஒரு விழாவுக்காக அப்பள்ளிக்குப் போனபோது, பின்கதவின் முன் பழுதான பெஞ்சுகள் அடுக்கப்பட்டிருந்தன. பிள்ளைகள் பழைய வாசலிலேயே மோதிக்கொண்டிருந்தனர். அந்த அம்மையார் பணியிலிருந்து ஓய்வுபெற்றிருந்தார். கணித ஆசிரியரும் வேறு ஊர் போயிருந்தார். புதிதாக வந்தவர்களுக்கு அக்கதவை ஏன் திறந்து வைத்தோம் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. அவர்கள் மேல் குறை கூற என்ன இருக்கிறது? குறை என்னுடையதே. வேலையைத் திருத்தினோம், திருத்தத் தெரிந்த அடுத்த ஆளை உருவாக்கவில்லை. சட்டாம்பிள்ளைக்கு அடுத்த சட்டாம்பிள்ளையை ஆயத்தம் செய்ய மறந்துபோன ஆசிரியன் நான்.

இக்குறையை உணர்ந்து செயற்பட்ட இடங்களும் நம் நாட்டில் உண்டு. 1980-ஆம் ஆண்டில் ஐதராபாத்தை அடுத்த இராமச்சந்திராபுரத்துப் பாரத மிகுமின் நிலையத்தில் தரவட்டங்கள் தோன்றின. 1982-ஆம் ஆண்டில் அவற்றுக்கென ஓர் இந்தியப் பேரவையே அமைந்தது. தமிழ்நாட்டில், சென்னையை அடுத்த பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் தடைக்கருவிப் பிரிவு, ஜப்பானியப் பேராசிரியர் ட்சுடாவின் அறிவுரை பெற்றுப் பல்லாண்டு உழைத்து, 1998-ஆம் ஆண்டில் டெமிங் பரிசைப் பெற்றது. அப்பரிசை முதன்முதலில் பெற்ற இந்திய நிறுவனம் அதுவே. சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 2001-ஆம் ஆண்டிலும், டி.வி.எஸ். மோட்டார் 2002-ஆம் ஆண்டிலும், ரானே பிரேக் லைனிங்ஸ் 2003-ஆம் ஆண்டிலும் அதனைப் பெற்றன. இப்பரிசு ஒரு நல்ல பொருளைக் கண்டு கொடுப்பதன்று. தலைவர் முதல் கடைசித் தொழிலாளி வரை வேலைமுறையைத் திருத்தும் வழக்கம் அந்நிறுவனத்தில் ஊறியிருக்கிறதா என்பதை ஆராய்ந்து கொடுப்பதாகும்.

எங்கள் விழுப்புரம் மாவட்டம் உழவை நம்பியது, பெருந்தொழிற்சாலைகள் குறைந்தது. பழைய தென்னார்க்காட்டிலிருந்து 1993-ஆம் ஆண்டில் பிரிந்து உருவானது. எங்கள் பிள்ளைகள் தொழிற்பயிற்சி நிலையங்களில் பொருத்துநர், மின்பணியாளர் முதலிய தொழில்களைக் கற்று, திண்டிவனம் வழியாக வடக்கே செல்லும் பெருஞ்சாலையில் பேருந்தேறி, மறைமலைநகர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றனர். என் பழைய மாணவன் ஒருவன் விடுமுறையில் என்னைக் காண வந்தான். தன் தொழிற்கூடத்தில் ஐவர் குழுவுக்குத் தன்னைத் தலைவனாக்கி, ஒரு வேலையில் வீணாகும் நேரத்தைக் குறைக்கும் பொறுப்பைத் தந்திருப்பதாகச் சொன்னான். மூன்று நாள் வகுப்பும் நடந்ததாம். “சார், வகுப்பில சொன்னதெல்லாம் புரிஞ்சுது. ஆனா என்னவிட வயசுல மூத்தவங்க கிட்ட, இத மாத்துங்கன்னு எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல” என்றான்.

மூன்று நாள் வகுப்பு அவனுக்கு வரைபடம் வரையக் கற்பித்தது. மூத்தவரிடம் பேசக் கற்பிக்கவில்லை. நான் அவனுக்குச் சொன்னது இதுவே: “நீ சொல்லாதே தம்பி, அவரைக் கேள். இருபது வருஷமா இந்த வேலை செய்றீங்களே, இதுல உங்களுக்குச் சிரமமா இருக்கறது எதுன்னு கேள். அவர் சொன்னதை அவர் முன்னாலேயே எழுது. திருத்தம் பலித்தால் அவர் பெயரைச் சொல்.” சமையல் உதவியாளரான அம்மையார் எனக்குக் கற்பித்த பாடத்தையே அவனுக்குத் திருப்பிச் சொன்னேன். சில மாதம் கழித்து வந்தபோது, அம்மூத்த தொழிலாளியே குழுக் கூட்டங்களில் முதலில் பேசுவதாகச் சொல்லி மகிழ்ந்தான்.

நேயர்களே! இவ்வரலாறு நமக்கு உணர்த்துவன சில. பயிற்சி பெறுவோர் தம் சொந்த வேலையிலேயே ஒரு சிறு திருத்தத்தைச் செய்து கற்கவேண்டும். பாடப்புத்தகக் கணக்கு போதாது. பயிற்சி முடிந்ததும், அதனைச் செயற்படுத்த நேரமும் உரிமையும் மேலாளர் அளிக்கவேண்டும். அவையின்றித் தரும் சான்றிதழ் சுவரில் தொங்குமேயன்றி வேலையில் இறங்காது. செய்த திருத்தத்தின் காரணம் எழுதி வைக்கப்படவேண்டும். யாவற்றுக்கும் மேலாக, திருத்தப் பணிக்குத் தலைமை ஏற்பவர் தம் இடத்துக்கு இன்னொருவரை ஆயத்தம் செய்தாலன்றித் தம் பணி முடிந்ததாகக் கருதலாகாது.

எழும்பூர்ப் பள்ளியில் மணலில் எழுதிய சிறுவன் முதல் பாடித் தொழிற்கூடத்துத் தொழிலாளர் வரை இடைப்பட்டது இருநூறு ஆண்டு. அந்நெடுவழியில் மக்கள் மெல்ல மெல்லக் கற்ற பாடம், வேலையை அறிந்தவரே அதனைத் திருத்த வல்லவர், ஆனால் அவரை எவரேனும் கேட்கவேண்டும் என்பதே. அப்பள்ளியின் பின்கதவை இப்பொழுது யாரேனும் திறந்து வைத்திருப்பார்களாயின், அதன் காரணத்தையும் அருகில் எழுதி ஒட்டியிருப்பார்கள் என்று நம்ப விரும்புகிறேன்.